என் ஒப்பீட்டுப் பட்டியலில் இல்லாத கட்டம்

சென்ற மாதம் அக்காவின் பேரன் வீட்டுக்கு வந்திருந்தான். வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது, கார் வாங்கப் போகிறான். டிக்கி உள்ள கார்தான் வேண்டுமாம். "பாட்டிய எங்க கூட்டிக்கிட்டுப் போனாலும் ரெண்டு பை, ஒரு வாக்கர் இருக்கும் தாத்தா" என்றான். கைபேசியில் நாலு பெயர்களைக் காட்டினான். "நீங்கதான் கவர்ன்மென்ட்ல வண்டி செக்‌ஷன்ல இருந்தீங்களே, இந்த நாலுல எது மொதல்ல, எது கடைசின்னு வரிசைப்படுத்திக் குடுங்க."

இப்படி ஒரு பட்டியலை இதற்கு முன்பும் ஒருமுறை போட்டுக் கொடுத்திருக்கிறேன். போட்டது இவனுடைய தாத்தாவுக்காக, 1976-இல். அந்தக் கதையையும் அதைச் சுற்றியுள்ள கார் வரலாற்றையும் எழுதிவிட்டுத்தான் இவனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் பள்ளியில் பாடமெல்லாம் பிரெஞ்சில்தான். டிக்கி தனியாக உள்ள, கூரை மூடிய காருக்கு அதில் 'பெர்லீன்' என்று பெயர். பெர்லின் நகரத்திலிருந்து வந்த பழைய குதிரைக் கோச்சு வண்டியின் பெயர் அது. பின்னாளில் அலுவலகத்தில் அதையே 'சலூன்' என்று எழுதக் கற்றுக்கொண்டேன். இன்றைய பிள்ளைகள் 'செடான்' என்கிறார்கள். மூன்று பெயருக்கும் உருவம் ஒன்றுதான்: முன்னால் எஞ்சின், நடுவில் ஆட்கள், பின்னால் பெட்டி. நம் ஊரில் நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் என்றாலே இந்த உருவம்தான் என்றிருந்த காலம் ஒன்று உண்டு.

அந்தக் காலத்தில் தேர்ந்தெடுக்க மூன்றே வண்டிகள். நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

முதலாவது அம்பாசிடர். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வடிவம், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் தயாரானது. 1489 சிசி எஞ்சின். ஐம்பதுகளின் கடைசியில் வந்த வண்டி 2014 வரை ஓடியது. இடையில் மார்க் இரண்டு, மூன்று, நான்கு என்று பெயர் மாறியது, முகப்புக் கிரில் மாறியது, உடம்பு மாறவில்லை.

இரண்டாவது பியட். பம்பாய் குர்லாவில் பிரீமியர் கம்பெனி தயாரித்தது. இத்தாலிய பியட் 1100-தான் மூலம், எஞ்சின் 1089 சிசி. எழுபதுகளின் நடுவில் 'பத்மினி' என்று பெயர் சூட்டினார்கள், ஆனாலும் நம் ஜனங்கள் கடைசிவரை 'பியட்' என்றுதான் சொன்னார்கள்.

மூன்றாவது நம் சென்னையின் சொந்த வண்டி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. பானட்டைத் திறந்தால் மட்கார்டு இரண்டும் ஹெட்லைட்டும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். அதைப் பார்க்கவே பிள்ளைகள் கூடுவோம். எங்கள் ஊரில் டாக்டர்கள் அதை விரும்பி வைத்திருந்தார்கள். மிகக் குறுகிய சந்தில்கூடத் திருப்பிவிடலாம்.

மூன்றுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் கிடையாது. விலையை அரசாங்கமே கட்டுப்படுத்தி வந்தது, எழுபதை ஒட்டிய வருடங்களில் பதினைந்தாயிரம் ரூபாய் சுமார். அந்தக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. வண்டியை யாருக்கு, எந்த வரிசையில் கொடுப்பது என்பதற்கும் 1959-இலேயே மத்திய அரசின் ஆணை இருந்தது. முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. மகள் பிறந்தபோது பதிவு செய்தால் பள்ளிக்கூடம் போகும்போது வண்டி வரும் என்று கேலி பேசுவோம். விற்பவனுக்குப் போட்டி இல்லாததால், பத்து வருடம் பழைய வடிவத்தை மாற்ற வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை.

நான் அரசுப் பணியில் சேர்ந்தது 1973-இல். சில வருடம் வாகனப் பிரிவில் எழுத்தராக இருந்தேன். பெட்ரோல் லாக் புத்தகம், டயர் கணக்கு, ரிப்பேர் பில் எல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். எதை வாங்குவதாக இருந்தாலும் மூன்று விலைப்புள்ளிகளை வைத்து 'கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட்' என்ற ஒப்பீட்டுப் பட்டியல் போட வேண்டும். புல்ஸ்கேப் தாளைக் குறுக்கே வைத்து, அடிக்கோலால் கட்டம் கட்டி, குறைந்த விலையைச் சிவப்பு மையில் சுழித்துக் காட்ட வேண்டும். அதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

அக்கா வீட்டுக்காரருக்கு வில்லியனூரில் அரிசி மண்டி. நாங்கள் அவரை 'மாமா' என்றுதான் கூப்பிடுவோம். 1976-இல் அவருக்குக் கார் வாங்கும் வசதி வந்தது. "ஆபீஸ்ல போடறியே, அந்த மாதிரி ஒரு பட்டியல் எனக்கும் போட்டுக் குடுடா" என்றார். இரண்டு இரவு உட்கார்ந்து போட்டேன். எட்டுக் கட்டங்கள்: விலை, காத்திருக்கும் காலம், எஞ்சின் பலம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர் உட்காரலாம், டிக்கி, உதிரி பாகம் எங்கே கிடைக்கும், திரும்ப விற்றால் என்ன வரும்.

அன்று எழுதியது இன்னும் நினைவிருக்கிறது. ஆள் ஏற்ற அம்பாசிடர் முதல். முன்னால் ஒரே நீள சீட்டு, கியர் ஸ்டியரிங் தண்டில் இருப்பதால் முன்னால் மூன்று பேர், பின்னால் நாலு பேர், மடியில் பிள்ளைகள் தனி. பெட்ரோல் குடிப்பதிலும் அதுவே முதல், எங்கள் லாக் புத்தகத்தில் லிட்டருக்கு எட்டு, ஒன்பதைத் தாண்டியது அபூர்வம். பெட்ரோல் செலவுக்கும் ஓட்டும் சுகத்துக்கும் பியட் முதல். அதிலும் தண்டு கியர்தான், முன்னால் நெருக்கி மூன்று பேர் உட்காரலாம். திருப்பும் வசதிக்கு ஹெரால்டு முதல், ஆனால் மேடு பள்ளச் சாலையில் தாங்காது என்ற பேச்சு இருந்தது. உதிரி பாகக் கட்டத்தில் அம்பாசிடருக்கு நூற்றுக்கு நூறு. எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் சுத்தியலும் ஸ்பேனரும் வைத்துச் சரி செய்துவிடுவான்.

பாதுகாப்பு என்று ஒரு கட்டம் அதில் இல்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படி ஒரு கட்டம் இருக்கலாம் என்றே எனக்குத் தெரியாது. யாராவது கேட்டிருந்தால் "தகடு கனமாக இருக்கிறது" என்று எழுதியிருப்பேன்.

மாமா அந்த மூன்றில் ஒன்றை வாங்கினார். எது என்று சொல்லப் போவதில்லை, இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை.

1978-இல் பெரியப்பா மகன் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. அவரை அழைத்துக்கொண்டு மாமா காரில் கடலூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அண்ணன் முன் சீட்டில் உட்கார்ந்ததும் அவருடைய கை தானாகத் தோளுக்குப் பக்கத்தில் எதையோ தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. திரும்பிப் பார்த்து, "பெல்ட் எங்கே?" என்று கேட்டார்.

நாங்கள் சிரித்தோம். மாமா தன் இடுப்பு பெல்ட்டைத் தொட்டுக் காட்டி, "இதோ இருக்கு" என்றார். அண்ணனும் சிரித்தார். பிறகு விளக்கினார். பிரான்சில் 1973 ஜூலையிலிருந்து, ஊருக்கு வெளியே போகும்போது முன் சீட்டில் இருப்பவர்கள் பட்டை போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் அபராதம். அவரிடம் இருந்தது ரெனோ 12. அங்கே அது பணக்கார வண்டி இல்லை, தபால்காரரும் பள்ளி ஆசிரியரும் வாங்கும் சாதாரண பெர்லீன். அதில்கூடப் பட்டை உண்டு. "நாம ஆட்டுக்குட்டியா, கட்டி வெச்சு ஓட்டறதுக்கு" என்று மாமா சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் அந்த மூன்று முனைப் பட்டையை வடிவமைத்தவர் நில்ஸ் போலின், சுவீடன் நாட்டு வால்வோ கம்பெனிப் பொறியாளர். 1959-இல் அது காரில் வந்தது. மற்ற கம்பெனிகளும் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று வால்வோ அதன் காப்புரிமையைத் திறந்துவிட்டது. அதே 1959-இல் மெர்சிடிஸ் வெளியிட்ட ஒரு காரில் இன்னொரு யோசனை நடைமுறைக்கு வந்தது. பேலா பாரெனி என்ற பொறியாளருடைய யோசனை அது. ஆட்கள் உட்காரும் நடுப்பகுதி கெட்டியாக இருக்க வேண்டும், முன்பக்கமும் பின்பக்கமும் மோதும்போது நசுங்கிக் கொடுக்க வேண்டும். இங்கே கார் விநியோகத்துக்கு அரசாங்கம் ஆணை போட்டதும் அதே வருடம்தான் என்பதை இப்போது எழுதும்போது கவனிக்கிறேன்.

1981 தை மாதம். மாமாவும் அக்காவும் திண்டிவனத்திலிருந்து இரவில் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். விளக்கில்லாத கரும்பு வண்டி ஒன்று எதிரே திடீரென்று தெரிந்தது. மாமா ஒடித்தார், வண்டி சாலையோரப் புளியமரத்தில் மோதியது. வேகம் நாற்பதுக்கு மேல் இருந்திருக்காது என்று அக்கா சொன்னார். பின் சீட்டில் இருந்த அவருக்குக் கை முறிவு. மாமாவுக்கு வெளியே பெரிய காயம் எதுவும் தெரியவில்லை. ஸ்டியரிங் நெஞ்சில் இடித்திருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார். வயது நாற்பத்தைந்து.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள். நானும் சொன்னேன். "வண்டிக்கு ஒண்ணும் ஆகலை பாருங்க. என்னா தகடு!" பம்பர் வளைந்திருந்தது, ஒரு ஹெட்லைட்டும் கிரில்லும் ரேடியேட்டரும் போயிருந்தன, அவ்வளவுதான். பத்து நாளில் பட்டறையிலிருந்து வந்து விலைக்கும் போய்விட்டது. திரும்ப விற்கும் கட்டத்தில் நான் எழுதியது சரியாகத்தான் இருந்தது.

வண்டிக்கு ஒன்றும் ஆகாததுதான் காரணம் என்று எனக்குப் புரிய இருபது வருடம் ஆயிற்று. மணிக்கு நாற்பது கிலோமீட்டரில் போய் மோதுவது ஆறு மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, விழுவதற்குச் சமம். அந்த வேகத்தை யாராவது வாங்கிக்கொண்டே ஆக வேண்டும். தகடு நசுங்கினால் தகடு வாங்கிக்கொள்ளும். தகடு நசுங்காவிட்டால் உள்ளே இருக்கும் உடம்புதான் வாங்கிக்கொள்ளும். பட்டை இருந்தால் உடம்பு ஸ்டியரிங்குக்குப் போய்ச் சேராது. இவ்வளவும் உலகத்தில் தெரிந்திருந்த காலத்தில்தான் நான் டிக்கியை அளந்துகொண்டிருந்தேன்.

பிறகு காலம் மாறியது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அது டிக்கி இல்லாத சின்ன வண்டி, என்றாலும் பழைய மூன்று கம்பெனிகளின் நிம்மதியைக் கெடுத்தது அதுதான். 1990-இல் மாருதி 1000, 1994-இல் எஸ்டீம். அம்பாசிடரில் போனவர்கள் எஸ்டீமில் ஏறியதும் "காத்து மாதிரி போகுது" என்றார்கள். சியலோ, ஹோண்டா சிட்டி, நம் மறைமலைநகரில் தயாரான ஐகான், இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஆக்சென்ட் என்று தொண்ணூறுகள் முடிவதற்குள் வரிசையாக வந்தன. ஏசி, பவர் ஸ்டியரிங், பட்டனைத் தொட்டால் இறங்கும் கண்ணாடி என்று வசதிக் கட்டம் நீண்டுகொண்டே போனது. முன் சீட்டுக்குப் பட்டை எல்லா வண்டியிலும் வர ஆரம்பித்ததும் தொண்ணூறுகளில்தான். பலர் அதைப் பின்னால் சொருகிவிட்டு உட்கார்ந்தார்கள்.

அடுத்த திருப்பம் 2006 மத்திய பட்ஜெட். நாலு மீட்டருக்குள் நீளம் இருந்து, பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள்ளும் டீசல் 1500 சிசிக்குள்ளும் இருந்தால் கலால் வரி 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறையும் என்றார்கள். உடனே செடானின் வாலை வெட்ட ஆரம்பித்தார்கள். 2008-இல் டாடா இண்டிகோ சிஎஸ் நாலு மீட்டருக்குள் வந்தது. 2012-இல் டிசையர் 3,995 மில்லிமீட்டருக்கு வந்தது, ஐந்து மில்லிமீட்டரை மட்டும் மிச்சம் வைத்து. பின்னாலேயே அமேஸ், எக்ஸென்ட், ஸெஸ்ட், ஆஸ்பயர், டிகோர் எல்லாம் வந்தன. நம் பழைய பியட்டும் நாலு மீட்டருக்குள்தான், 3.93 மீட்டர். அதற்கு யாரும் வரிச் சலுகை கொடுத்ததில்லை.

இந்த விதியால் அடிபட்டது லோகன். ரெனோ 12-ஐ அறுபதுகளின் இறுதியிலிருந்து ருமேனியாவில் டாசியா என்ற பெயரில் தயாரித்து வந்தார்கள், அதே டாசியா வளர்த்த வண்டி அது. அண்ணனுடைய காரின் வாரிசு என்றே சொல்லலாம். 2007-இல் மகிந்திராவும் ரெனோவும் சேர்ந்து நாசிக்கில் தயாரித்தார்கள். விசாலமான உட்புறம், 510 லிட்டர் டிக்கி, டீசலில் நல்ல மைலேஜ். ஆனால் நாலேகால் மீட்டர் நீளம், வரிச் சலுகை இல்லை. அழகும் போதாது என்றார்கள். பிரெஞ்சுத் தொடர்பு அத்தோடு முடியவில்லை. 2017-இல் அம்பாசிடர் என்ற பெயரையே பிரான்சின் பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது.

பாதுகாப்புக்கு நம் நாட்டில் கட்டம் பிறந்தது என்று ஒரு தேதி சொல்ல வேண்டுமானால் 2014 ஜனவரியைச் சொல்வேன். இங்கே விற்கும் ஐந்து சின்ன கார்களை குளோபல் என்கேப் என்ற அமைப்பு மணிக்கு 64 கிலோமீட்டரில் மோதவிட்டுச் சோதித்தது. ஐந்துக்கும் பூஜ்யம் நட்சத்திரம். அதன் பிறகுதான் பத்திரிகைகளில் பேச்சு வந்தது. 2017 அக்டோபரிலிருந்து புது மாடல்களுக்கு மோதல் சோதனை கட்டாயம். 2019-இல் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம், 2022 தொடக்கத்திலிருந்து பக்கத்தில் இருப்பவருக்கும். 2023 அக்டோபரில் நம் அரசே பாரத் என்கேப் என்ற தர மதிப்பீட்டைத் தொடங்கியது. அம்பாசிடர் நின்ற 2014-இலேயே இந்தக் கட்டம் பிறந்தது தற்செயல்தான்.

இனி பேரனுக்கு. இந்த முறையும் புல்ஸ்கேப் தாள்தான். முதல் கட்டத்தில் பாதுகாப்பு, அதற்குப் பிறகுதான் விலை.

டிசையர்: 2024 நவம்பரில் வந்த புது வடிவம். குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம். எல்லா வகையிலும் ஆறு காற்றுப்பை, வண்டி வழுக்காமல் பிடிக்கும் கருவியும் உண்டு. மூன்று சிலிண்டர், 82 குதிரைத்திறன். கம்பெனிக் கணக்கில் லிட்டருக்கு 24-க்கு மேல். டிக்கி 382 லிட்டர், நான்கில் இதுதான் சிறியது.

அமேஸ்: 2024 டிசம்பரில் வந்த புது வடிவம். நாலு சிலிண்டர், 90 குதிரைத்திறன், ஓட்டச் சுகம். டிக்கி 416 லிட்டர். இதிலும் எல்லா வகையிலும் ஆறு காற்றுப்பை, வழுக்கல் தடுப்பு. விலை சற்று அதிகம்.

ஆரா: நாலு சிலிண்டர், 83 குதிரைத்திறன், டிக்கி 402 லிட்டர், ஆறு காற்றுப்பை. ஓட்ட இலகு.

டிகோர்: நான்கில் ஆரம்ப விலை குறைந்தது, டிக்கி பெரியது, 419 லிட்டர். 2020-இல் நாலு நட்சத்திரம் வாங்கியது, அதுவும் இரண்டே காற்றுப்பையோடு. பையின் எண்ணிக்கை மட்டும் போதாது, உடம்பின் கட்டும் வேண்டும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது பழைய சோதனை முறை.

சோதனை முறையைக் கவனிக்க வேண்டும். முந்தைய வடிவ அமேஸ் 2019-இல் நாலு நட்சத்திரம் வாங்கியது, சோதனை கடுமையான பிறகு 2024-இல் இரண்டு. வண்டி மாறவில்லை, கேள்வித்தாள் மாறியது. ஆகவே நட்சத்திரத்தோடு அது வாங்கிய வருடத்தையும் பார்க்க வேண்டும்.

என் வரிசை: டிசையர், அமேஸ், ஆரா, டிகோர். பணம் இடித்தால் டிகோர் மேலே வரலாம். 2025 செப்டம்பர் 22 முதல் நாலு மீட்டருக்குள் இருக்கும் சின்ன எஞ்சின் கார்களுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 விழுக்காடு ஆகிவிட்டதால் நான்குமே கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருக்கின்றன. வாங்கும் நாளில் விலையை மறுபடி விசாரித்துக்கொள்ளச் சொன்னேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஓட்ட, நாம் பின்னால் உட்கார்ந்து போகிறவர்கள். பட்டை முன் சீட்டுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். 2022 செப்டம்பரில் பால்கர் அருகே விபத்தில் இறந்த தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பின் சீட்டில்தான் இருந்தார், பட்டை போட்டிருக்கவில்லை என்று போலீசார் சொன்னார்கள். வயிற்றில் அழுத்துகிறது, புடவை கசங்குகிறது என்பதெல்லாம் சரிதான். அரை மணி பழகினால் போய்விடும்.

பட்டியலைப் பேரனிடம் கொடுத்தபோது அக்காவும் பக்கத்தில் இருந்தார். வயது எண்பத்தொன்று. நான் போட்ட எண்கள் எதையும் அவர் கேட்டுக்கொள்ளவில்லை. முறிந்து கூடிய கையைத் தடவிக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டார். "ஏன் தம்பி, அந்தப் பட்டை பின் சீட்டுலயும் இருக்குதில்ல?"

"இருக்கு அக்கா" என்றேன். "எப்படிப் போடறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்துடச் சொல்லு அவன்கிட்ட" என்றார்.